அப்பாவும் நுரைக் கூடும்

நம் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு வாதுமை மரம் நிற்கிறது. அதன் கீழே சிவந்து காய்ந்து விழுகிற இலைகளை நான் பொறுக்கிப் பைக்குள் வைப்பதைப் பார்த்து, "என்னடா, வீட்ல ஆடு வளர்க்கிறியா?" என்று கேட்டவர்கள் பலர். ஆட்டுக்கு இல்லை நண்பர்களே, மீனுக்கு! ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. பேரவை மலரில் எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் படிப்பு என்று ஒன்றைத் தொட்டவன் நான்தான். அப்பா கைநாட்டு. சென்ட்ரிங் வேலை. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். செங்குன்றம் பக்கத்தில் ஒரு வண்ணமீன் பண்ணையில் தொட்டி கழுவி, தண்ணீர் மாற்றும் கூலி வேலைக்குப் போகிறார். கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் சந்தை பார்த்தவர்களுக்குத் தெரியும், வடசென்னையைச் சுற்றி எத்தனை குடும்பங்களுக்கு இந்த மீன்தான் சோறு போடுகிறது என்று. அந்தக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆனால் 2024 வரைக்கும் எங்கள் வீட்டுக்குள் ஒரு மீன் கூடக் கிடையாது. "அங்க பாக்குறது பத்தாதா, இங்கயும் வேறயா?" என்பார் அம்மா.

2024 பிப்ரவரியில் அப்பா சாரத்திலிருந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். வேலை கொடுத்தவர் முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அவர் போன் எடுக்கவில்லை. "இனிமே ஏறக்கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறாத சென்ட்ரிங் வேலை எங்கே இருக்கிறது?

நான் அப்போது முதலாண்டு, இரண்டாம் பருவம். மார்ச் மாதம் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தம்பி. அவரும் அதே வேலைதான். கெட்ட மனசுக்காரர் இல்லை. அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மச்சான், பரீட்சைய எழுதட்டும். அதுக்கப்புறம் என்கூட அனுப்பு. கைல காசு வரும். படிப்பு எங்க ஓடிப்போவுது?" என்றார். அம்மா தலை குனிந்துகொண்டார். நானும் பேசவில்லை. அவர் சொன்னதில் தப்பு என்று எதைச் சொல்வது? அப்பாதான் கொஞ்சம் நேரம் கழித்து, "காலேஜ் தொறக்குற வரிக்கும் டைம் குடு மச்சான்" என்றார். எதற்கு டைம் என்று அப்பாவுக்கும் அப்போது தெரியாது.

வழி காட்டியது அம்மா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்ததே, நினைவிருக்கிறதா? எங்கள் பக்கம் மூன்று நாள் கரண்ட் இல்லை. அம்மா வேலை செய்த பண்ணையில் ஏர் பம்பு எல்லாம் நின்றுபோய், தங்கமீன்களைக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினார்கள். ஆனால் அலமாரியில் பாட்டில் பாட்டிலாக அடுக்கி வைத்திருந்த ஃபைட்டர் மீன்கள் அப்படியே இருந்தன. அதை அம்மா மறக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் பிளாஸ்டிக் கவரில் ஒரு ஜோடி ஃபைட்டரோடு வந்தார். ஆணுக்கு வால் கிழிந்திருந்தது. விற்காது என்று முதலாளி சும்மா கொடுத்துவிட்டார். "கரண்ட் போனாலும் சாவாத மீனு இது. பாப்போம்" என்றார் அம்மா.

ஏன் சாகவில்லை? ஃபைட்டருக்குச் செவுள் போக, அதற்கு மேலே மடிப்பு மடிப்பாக இன்னொரு உறுப்பு உண்டு. லாபிரிந்த் உறுப்பு என்று பெயர். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி அதிலிருந்தே பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். தாய்லாந்தின் வயல்களிலும் சேற்றுக் குட்டைகளிலும் வாழ்ந்த மீன் அல்லவா? தண்ணீரில் காற்று இல்லாவிட்டாலும் சமாளிக்கப் பழகியது. 1910-இல் பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். 2019-இல் தாய்லாந்து இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. நம் ஊருக்கும் இந்த இனத்தில் சொந்தம் உண்டு நண்பர்களே! வால் நடுவில் முள் போல நீண்டிருக்கும் ஒரு சிறு மீன் நம் வயல் வாய்க்கால்களில் இருக்கிறது. அதுவும் நுரையில் கூடு கட்டும். அதன் அறிவியல் பெயரில் வரும் 'குபானஸ்' என்பது வேறொன்றுமில்லை, புதுச்சேரி அரியாங்குப்பம்தான். 1831-இல் அங்கே பிடித்த மீனை வைத்துத்தான் பெயரிட்டார்கள்.

இனி எப்படிக் குஞ்சு எடுப்பது என்று சொல்கிறேன். அக்கறை உள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வைத்து ஒரு வாரம் பத்து நாள் உயிருள்ள தீனி போட வேண்டும். கொசுப்புழு, மொய்னா எது கிடைத்தாலும் சரி. பிறகு அகலமான ஒரு டப். அதில் ஐந்து அங்குல உயரத்துக்குத் தண்ணீர், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் பிடித்து வைத்துக் குளோரின் போன பிறகு ஊற்ற வேண்டும். மணல் கிடையாது. ஏர் பம்பும் கிடையாது. தண்ணீர் அசைந்தால் கூடு கலைந்துவிடும். மேலே ஒரு காய்ந்த வாதுமை இலையை மிதக்க விடலாம். அதன் சாறு இறங்கித் தண்ணீர் டீத் தண்ணி நிறத்துக்கு வரும். மீனுக்கு அது பிடிக்கும், பூஞ்சையும் குறையும் என்பது பண்ணைக்காரர்கள் அனுபவம். இலைக்கு அடியில்தான் ஆண் கூடு கட்டும்.

பெண்ணை நேராக விடக்கூடாது. டப்பின் நடுவில் அரிக்கேன் விளக்குக் கண்ணாடியை நிறுத்தி, அதற்குள் விட வேண்டும். ஆண் சுற்றிச் சுற்றி வந்து செவுளை விரித்துக் காட்டும். பிறகு மேலே போய்க் காற்றை வாயில் வாங்கி எச்சிலோடு குமிழி குமிழியாக விட ஆரம்பிக்கும். ஒரே ராத்திரியில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை நுரை! பெண்ணின் உடம்பில் குறுக்குப் பட்டைகள் தெரிந்து, வயிற்றடியில் வெள்ளைப் புள்ளி துருத்திக்கொண்டிருந்தால் முட்டைக்குத் தயார். அப்போது கண்ணாடியை எடுத்துவிடலாம். கொஞ்சம் துரத்தும், கடிக்கும். பெண் ஒளிந்துகொள்ள இலை, செடி ஏதாவது இருக்க வேண்டும்.

பிறகு நடப்பதை எழுத்தில் சொல்வது கஷ்டம். ஆண் தன் உடம்பை வளைத்துப் பெண்ணைச் சுற்றிக்கொள்ளும். இரண்டும் ஒரு கணம் செத்ததுபோல் நிற்கும். ரவை உதிர்வதுபோல் வெள்ளை முட்டைகள் கீழே இறங்கும். ஆண் பாய்ந்து போய் ஒவ்வொன்றாய் வாயில் பொறுக்கி, மேலே வந்து நுரைக்குள் வைக்கும். திரும்ப வளைக்கும், திரும்பப் பொறுக்கும். மணிக்கணக்கில் இது நடக்கும். முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆண் அதை அடித்தே கொன்றுவிடும்.

முதல் தடவை எங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மறுநாள் காலை கூடு இருந்தது, முட்டை இல்லை. ஆண் தின்றுவிட்டது. இளம் ஆண்களில் சில இப்படிச் செய்யும் என்று அம்மா சொன்னார். மாமாவுக்குக் கொடுத்த கெடுவில் இரண்டு வாரம் போய்விட்டது. நான் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. அப்பாதான், "அதுக்கும் மொத தடவதானேடா. கத்துக்கும், இன்னொரு தடவ வுடு" என்றார்.

மார்ச் 27-ஆம் தேதி இரண்டாவது தடவை. இந்த முறை அப்பா கட்டிலை நகர்த்தச் சொன்னார். டப் அவர் தலைமாட்டுக்கு வந்தது. ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும், முட்டை விழுந்தால் ஆணுக்குத் தெரிவதற்கு. பழைய மொபைல் சார்ஜரில் ஒரு எல்.ஈ.டி.யைக் கட்டித் தொங்கவிட்டேன். வலியில் தூக்கம் வராத மனிதர் அந்த வெளிச்சத்தில் மீனையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

அவர் பார்த்ததையெல்லாம் காலையில் எனக்குச் சொல்வார். "ராவெல்லாம் ஒரு நிமிஷம் நிக்கலடா அது. குமிழி ஒடைஞ்சா ஒடனே ஒண்ணு வுடுது. முட்டைய வாயில எடுத்து அலசி வேற எடத்துல வெக்கிது." அம்மா போட்ட புழுவை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டைக் காக்கும் நாட்களில் ஆண் பெரும்பாலும் சாப்பிடாது. "இவரு மட்டும் என்ன, நேத்து ராத்திரி சோத்த அப்படியே வெச்சிருக்காரு" என்று அம்மா அப்பாவைத் திட்டினார்.

ஒன்றரை நாளில் முட்டை பொரிந்தது. குஞ்சு என்றால் மீன் மாதிரி இருக்காது. கண் வைத்த நூல் துண்டு! வால் கீழே தொங்க, தலையை நுரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிடி நழுவிக் கீழே விழும். அப்பன் மீன் போய் வாயில் பிடித்து வந்து திரும்பத் துப்பும். மேலும் இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் குறுக்கே நீந்தத் தொடங்கும். அன்றே ஆணை எடுத்துவிட வேண்டும். அதுவரை குஞ்சுகளைக் காத்த அதே வாய் பசியில் அவற்றைத் தின்னவும் கூடும்.

உண்மையான கஷ்டம் இதற்குப் பிறகுதான். முட்டை போட வைப்பதை யாரும் செய்துவிடலாம். குஞ்சைப் பிழைக்க வைப்பதுதான் தொழில். நூற்றுக்கணக்கில் பொரித்து, பத்து நாளில் டப் காலியாகிற கதை பண்ணையில் சகஜம் என்பார் அம்மா. நோய் இருக்கும், தண்ணீர் கெடும். ஆனால் நிறைய குஞ்சுகள் சாவது பசியில். தீனி இல்லாமல் இல்லை, வாய்க்குள் போகிற அளவில் தீனி இல்லாமல்!

வயிற்றில் உள்ள கரு தீர்ந்ததும் முதல் தீனி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். இன்ஃபுசோரியா என்பார்கள். காய்ந்த வாழைப்பழத் தோலையோ வைக்கோலையோ ஒரு ஜாடித் தண்ணீரில் போட்டு வெயில் படும் இடத்தில் வைத்தால், முதலில் கலங்கி நாறும். நாலைந்து நாளில் மேலே தெளியும். அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஜோடி சேர்க்கிற அன்றே ஜாடியையும் போட்டுவிட வேண்டும். குஞ்சு நீந்திய பிறகு போட்டால் அது தயாராவதற்குள் குஞ்சு போய்விடும்.

நீந்தத் தொடங்கி நாலைந்து நாள் ஆனதும் ஆர்டீமியா. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் கல் உப்பு, ஒரு சிட்டிகை ஆர்டீமியா முட்டை, விடாமல் காற்றுக் குமிழி. ஒரு நாளில் பொரிந்து ஆரஞ்சு நிறத்தில் துள்ளும். ஒரு பக்கம் விளக்கு வைத்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்து சேரும். டியூபில் இழுத்துத் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போட வேண்டும். கரண்ட் போனால் இந்தக் குமிழி நின்றுவிடுமே என்று பழைய பைக் பேட்டரியில் ஓடுகிற மாதிரி ஒரு சின்ன பம்ப் கட்டினேன். லேபில் படித்தது வீட்டில் ஓடிய முதல் பொருள் அதுதான். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சாகத் தெரியும். அப்பா டார்ச் அடித்து வயிறு வயிறாகப் பார்ப்பார்.

இன்னொன்று. டப்பை மூடியே வைக்க வேண்டும். மூன்று நாலு வாரத்தில்தான் குஞ்சுக்கு அந்த லாபிரிந்த் உறுப்பு உருவாகிறது. அப்போது அது முதன்முதலாக மேலே வந்து காற்று குடிக்கும். மேலே இருக்கிற காற்று தண்ணீரைவிடக் குளிர்ந்திருந்தால் தாங்காது. கண்ணாடித் தகடோ பாலிதீனோ போட்டு மூடினால் காற்று வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்கும்.

எந்த நாளில் எதைக் கொடுப்பது? இந்தக் கணக்கு தப்பக்கூடாது. அப்பாவுக்குத் தேதி எழுதத் தெரியாது. அவர் அடுப்புக்கரியால் சுவரில் ஒரு நாளுக்கு ஒரு கோடு போட்டார். டப்புக்கு ஒரு வரிசை. பொரிந்த கோட்டுக்குக் கீழே ஒரு சுழி. ஆர்டீமியா தொடங்கிய கோட்டுக்கு மேலே ஒரு பொட்டு. செத்துக் கிடந்தவை பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாக இருக்கும். நான் சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும் என் ரெக்கார்டு நோட்டின் மீந்த தாள்களில் அதை அட்டவணையாக எழுதுவேன். ஒரு பக்கம் எழுதி முடித்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன். அப்பா திருத்துவார். "இல்ல, அன்னிக்கு மழ. மறுநாள்தான் தண்ணி மாத்துனோம்." லேபில் என் அட்டவணையை இத்தனை கவனமாக யாரும் பார்த்ததில்லை.

30-ஆவது கோட்டில் எண்ணினோம். 112 குஞ்சுகள். ஏப்ரலில் நான் பரீட்சை எழுதினேன். மே மாதத்தில் நிறம் வந்தது. நீலம், சிவப்பு, சில பச்சை. ஆண்கள் ஒன்றை ஒன்று பார்த்துச் செவுளை விரிக்கத் தொடங்கியதும் தனித்தனிப் பாட்டிலுக்கு மாற்றினோம். எங்கள் தெருவில் வீசிக் கிடந்த பாட்டில்களையெல்லாம் கழுவி வெயிலில் காயவைத்தது அம்மா. தெருப் பையன்கள் சிலர், "ரெண்ட ஒண்ணா வுடுண்ணா, சண்ட பாக்கலாம்" என்று வந்தார்கள். அப்பா உள்ளேயிருந்தே, "வளத்தது அடிச்சிக்கவாடா? போங்கடா" என்று விரட்டினார்.

ஜூன் கடைசி ஞாயிறு, கொளத்தூர். 51 ஆண் மீன்கள். ஒன்று 20 ரூபாய். மொத்தம் 1,020 ரூபாய். பெண் மீனை யாரும் கேட்கவில்லை. நண்பர்களே, மறைக்க என்ன இருக்கிறது? மூன்று மாத உழைப்பு, மாமாவின் ஒரு நாள் கூலியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அன்று சாயங்காலம் மாமா வந்தார். அப்பா நோட்டுகளை அவர் கையில் கொடுத்தார். மாமா எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார். பேசவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, நாளையிலிருந்து சென்ட்ரிங்தான் என்று.

அப்போது அப்பா கைத்தடியை ஊன்றி எழுந்தார். சுவரிடம் போனார். "இது வித்தது. இந்த வரிசை நாப்பது நாளு. இது இருபத்தஞ்சு. இது நேத்து பொரிச்சது. இனிமே பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவ சந்தைக்குப் போலாம் மச்சான். நான் ஏற வேணாம், எறங்க வேணாம், ஒக்காந்தே செய்யலாம். கணக்குதான் தெரியாது. அதுக்கு இவன் இருக்கான். இவன் படிக்கட்டும்" என்றார். மாமா ஒவ்வொரு டப்பின் மூடியையும் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு, வேலை செய்கிற இடத்திலிருந்து பாதியாக வெட்டிய இரண்டு பிளாஸ்டிக் டிரம்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். "டப்பு பத்தாதே உங்களுக்கு" என்றார். அவ்வளவுதான். என் படிப்பைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசியதில்லை.

இன்று எங்கள் வீட்டில் 22 டப்புகள். அப்பா நடக்கிறார், கொஞ்சம் சாய்ந்து. மீன் எங்களைப் பணக்காரர் ஆக்கிவிடவில்லை. அம்மா இன்னமும் பண்ணைக்குப் போகிறார். ஆனால் அப்பாவுக்கு ஒரு வேலை இருக்கிறது, நான் மூன்றாமாண்டு வந்துவிட்டேன்.

நம் வகுப்பில் முதலாண்டு என்னோடு சேர்ந்தவர்களில் ஒன்பது பேர் இப்போது இல்லை. யாரும் மக்கு இல்லை. அதில் ஒருவன் கணக்கில் என்னைவிட நன்றாகப் போடுவான். பெரும்பாலும் முதல் பருவத்திலேயே, முதல் அரியரிலேயே நின்றுபோனவர்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து ஆங்கிலப் பாடப் புத்தகத்தைத் திறந்தபோது, அவர்கள் வாய்க்குள் போகிற அளவுக்கு அதை உடைத்துக் கொடுக்க அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இல்லை. இந்த ஆண்டு நம் பேரவை தொடங்கியிருக்கும் மாலை நேர வகுப்பில், முதலாண்டுத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்க சீனியர்கள் பெயர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் நான் வருகிறேன். நீங்களும் பெயர் கொடுங்கள். முதல் மாதத்திலேயே கொடுங்கள். பிறகு கொடுப்பதில் பிரயோசனம் குறைவு.

மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிறு மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். என்னைக் கேட்பதைவிட அப்பாவைக் கேளுங்கள், அவர்தான் நன்றாகச் சொல்வார். போகும்போது ஒரு ஜோடி கொடுத்து அனுப்புவார். காசு வாங்கமாட்டார். ஆனால் எந்தத் தேதியில் பொரிந்தது என்று வந்து சொல்லவேண்டும். சுவரில் கோடு போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

— மூன்றாமாண்டு மாணவன், மின்னியல் துறை